ஆலை கொடுக்காத பளபளப்பு

பழைய கார்கள் அணிவகுக்கும் எந்த நிகழ்ச்சிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பானெட் திறந்திருக்கும். சக்கரத்தைத் தாங்கும் இரும்பு ஆர்ம்கள் மின்னும். சுருள் ஸ்பிரிங்குக்குச் சிவப்பு அடித்திருக்கும். போல்ட், நட்டு ஒன்று விடாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குனிந்து பார்த்தால் சேசிஸ் முழுக்கத் தடித்த கருப்புப் பூச்சு, அதில் முகம் பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் உரிமையாளர் பெருமையோடு சொல்வார்: "ஷோரூம்லேருந்து இறக்கின மாதிரியே பண்ணியிருக்கோம் சார். எல்லாமே ஒரிஜினல்." சுற்றி நிற்பவர்கள் ஆமோதித்துத் தலையாட்டுவார்கள்.

அந்தக் கார் எந்த ஷோரூமிலிருந்தும் அப்படி இறங்கியதில்லை. எந்த ஆலையும் அப்படி ஒரு காரை வெளியே அனுப்பியதில்லை. மினுக்கம் கூடக் கூட அசலுக்கு நெருங்குகிறோம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உரிமையாளர், மெக்கானிக், பெயின்டர், வேடிக்கை பார்க்க வருபவர் எல்லோரும் அதை நம்புகிறார்கள். இந்த நாட்டில் எஞ்சியிருக்கும் பழைய கார்களைத் துருவைவிட வேகமாக அழித்துவருவது இந்த நம்பிக்கைதான். துரு ஒரு சேசிஸை அரித்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். கையில் காசும் மனதில் ஆசையும் உள்ள ஒருவர் சில மாதங்களில் அதே வேலையை முடித்துவிடுகிறார்.

ஒரே ஒரு காரை வைத்துப் பேசுவோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி உருவம் வரைந்து, இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார். 1961இலிருந்து சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் தயாரானது. 948 சி.சி. எஞ்சின். தெருவோரத்தில் ஒரே ஒடியில் திரும்பிவிடும். அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும். திறந்தால் எஞ்சினோடு முன்சக்கரம், மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் ராக் எல்லாமே வெட்டவெளியில் தெரியும். வேறு கார்களில் ஜாக்கி போட்டு, சாக்கு விரித்துப் படுத்துப் பார்க்க வேண்டியதை இதில் நின்றபடியே பார்க்கலாம். மெக்கானிக்குக்கு வரமாக அமைந்த அந்த வசதியே இன்று ஹெரால்டுக்கு வினையாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற இடம் என்பதால் மினுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அறுபதுகளில் நடுத்தர வர்க்கத்துக்குக் கார் செய்த எந்த ஆலையிலும் சஸ்பென்ஷன் உறுப்புக்கு மூன்று கோட் பெயின்ட் அடித்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றிக்கொண்டு யாரும் நின்றதில்லை. நிற்க நேரமும் இல்லை, விலை இடம் கொடுக்கவும் இல்லை. அடித்து உருவாக்கிய இரும்பில் இரண்டு அச்சுகளும் சேரும் இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதை அரைத்து எடுக்கவில்லை. வார்ப்பில் வந்த உறுப்பில் மணலின் சொரசொரப்பு இருக்கும். அதன் மேலேயே கருப்பு பெயின்ட் விழும், அதுவும் பாதி மினுக்கத்தில். பெயின்ட் தொட்டியில் முக்கி எடுத்த உறுப்பாக இருந்தால் அடிமுனையில் வழிந்து திரண்ட ஒரு சொட்டு அப்படியே காய்ந்திருக்கும். இயந்திரத்தில் கடைந்த முகப்புகளில் பெயின்டே இருக்காது. போல்ட்டுகளில் பல, பாஸ்பேட் பூச்சு கண்டு எண்ணெயில் நனைந்து மங்கிய கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். சில, துத்தநாகமோ காட்மியமோ பூசி லேசான மஞ்சள் ஓடியிருக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று தெரிய, சுருளின் மேல் வண்ணத்தில் ஒரு தீற்று. முறுக்கிய நட்டின் மேல், 'இதை முறுக்கியாயிற்று' என்று சொல்ல, ஒரு பொட்டு. உடலுக்கு அடித்த நிறம் சக்கரக்குழியின் ஓரத்தில் தூறலாகச் சிதறி, கீழே போகப் போகக் கரைந்துவிடும். வெளிப்பெயின்டிலும், வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால், ஆரஞ்சுத் தோலின் மேடுபள்ளம் மெல்லத் தெரியும்.

இதையெல்லாம் அலட்சியம் என்று எடுத்துக்கொள்பவர்கள் அந்த ஆலைகளைப் புரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு காரணம் உண்டு. பாஸ்பேட் பூச்சு எண்ணெயைப் பிடித்துவைக்கும். அதனால் போல்ட்டை முறுக்கும்போது உராய்வு ஒரே அளவில் இருக்கும், பிடிமானமும் கணக்குப்படி வரும். கடைந்த முகப்பில் பெயின்ட் படாததற்குக் காரணம், அங்கே இரும்பு இரும்போடு உட்கார வேண்டும் என்பது. வண்ணத் தீற்று தவறினால் விறைப்பான ஸ்பிரிங் ஒரு பக்கமும் தளர்ந்தது மறுபக்கமும் ஏறி, கார் சாய்ந்து நிற்கும். பொறியாளர், கணக்காளர், வரிசையில் நின்று வேலை செய்தவர் மூவரும் சேர்ந்து எடுத்த முடிவுகள் அந்தப் பூச்சுகளில் இருக்கின்றன. ஒரு தொழிலாளியின் தூரிகை ஒரு கணம் பட்டுச் சென்ற தடம் அறுபது ஆண்டுகளாகச் சேற்றுக்கடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதைத் தேடி எடுக்க மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும் பொறுமையும் போதும். ஊறவைத்து, மெல்லத் துடைத்து, தேங்காய் நார் வைத்து ஒற்றியெடுத்தால், கிரீஸும் மண்ணும் கலந்து இறுகிய அடைக்குக் கீழே மஞ்சளோ வெள்ளையோ எட்டிப் பார்க்கும். அந்த அடையே இத்தனை காலம் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

நம் பட்டறைகளில் நடப்பதோ வேறு. கார் வந்ததும் பிரித்துப் போடுகிறார்கள். சேசிஸ், ஆர்ம், லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கட்டு அத்தனையும் ஒரு வேனில் ஏறி மணல்வீச்சுக்கு (சாண்ட் பிளாஸ்டிங்) போகின்றன. மாலையில் சாம்பல் நிறத்தில் திரும்பி வருகின்றன. அதோடு முடிந்தது. தீற்றும் பொட்டும் பூச்சும் போயின. அந்தக் காரைப் பற்றி இனி யாரும் எதையும் அதிலிருந்து படித்தறிய முடியாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. கும்பாபிஷேகத் திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் இதே மணல்வீச்சு நடந்தது. கல் புதிதாகத் தெரிந்தது. கல்வெட்டு எழுத்து மழுங்கிப் போனது. அறிஞர்கள் கதறினார்கள், பிறகு தடை வந்தது. அன்று சுத்தம் செய்வதாக நினைத்தவர்களும் பக்தியோடுதான் செய்தார்கள். கார் விஷயத்தில் தடை போட யாரும் இல்லை. சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணைக்கூட மணல் விட்டுவைப்பதில்லை. அதன் மேல் தடித்த பவுடர் கோட்டிங்கும் ஏறிவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சில் தேய்த்து எண்ணைப் படியெடுக்கும்போது தாளில் வெறும் நிழல்தான் விழும். பிறகு எண்ணைத் 'தெளிவாக்க' யாரோ ஒருவர் உளி எடுக்கிறார். அசல் எண் இருந்த கார் இப்போது சந்தேகத்துக்குரிய கார்.

தோற்றத்தோடு இது நிற்பதில்லை என்பதுதான் என் கவலை. சஸ்பென்ஷன் அலங்காரப் பொருள் இல்லை. அது ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிற இடம். அதில் மினுக்கம் ஏற்றுவது உயிரோடு விளையாடுவது.

ஸ்பிரிங்குக்கும் பட்டைக்கும் க்ரோமியம் பூசச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளேட்டிங் பட்டறையில் முதல் வேலையே அமிலத்தில் முக்குவது. அப்போதும், பிறகு மின்சாரம் பாயும்போதும், ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடுகிறது. சாதாரண இரும்புக்கு அதனால் பெரிய கேடு இல்லை. பதம் ஏற்றிக் கடினமாக்கிய ஸ்பிரிங் எஃகுக்குள் புகுந்தால் அது நொறுங்கும் குணம் பெற்றுவிடும். பிளேட்டிங் முடிந்ததும் பல மணி நேரம் சூட்டில் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். பம்பருக்குப் பூசிப் பழகிய பட்டறையில் அதற்கான அடுப்பு இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். வெளியே மின்னும் ஸ்பிரிங் உள்ளே விரிசலோடு ஒரு நாள், ஏதோ ஒரு வேகத்தடையில் உடையும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் இதே கதை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட், சஸ்பென்ஷனுக்கென்று வந்த உயர் வலிமை போல்ட்டின் பலத்துக்கு ஈடாகாது. முறுக்கும்போது மரை மரையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. ஹெரால்டில் இருப்பவை அங்குல அளவு மரைகள். பொருந்தும் போல்ட் கையில் இல்லையென்று துளையைப் பெரிதாக்கி மில்லிமீட்டர் போல்ட் போடுகிறார்கள். பழைய போல்ட்டின் தலையில் வலிமைத் தரம் காட்டும் எழுத்தும் செய்தவர் முத்திரையும் இருந்தன. அந்த போல்ட் இப்போது பழைய இரும்புக் கடைச் சாக்கில் கிடக்கிறது.

அடுத்தது பவுடர் கோட்டிங். தட்டையான கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது நல்ல பூச்சு. சஸ்பென்ஷன் பிராக்கெட்டின் உள்முகத்தில் ஏறினால் கதை வேறு. ரப்பர் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழல் அந்த முகப்புகளுக்கு நடுவில் இறுகி, அசையாமல் நிற்க வேண்டும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது முறுக்கிக்கொடுத்து மீள்வது ரப்பர் மட்டுமே. நடுவில் தடித்த பிளாஸ்டிக் படலம் இருந்தால் நாளடைவில் அது நசுங்கும், போல்ட் தளரும், குழல் உருளத் தொடங்கும், பிராக்கெட்டின் துளை நீள்வட்டமாகும். இன்னொன்றும் உண்டு. இந்த நட்டுகளைக் கார் தன் எடையோடு நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் முழுதாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் ஆர்ம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால், இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கிலேயே நிரந்தரமாக நின்று கிழியும். காரின் உயரமும் கூடித் தெரியும். பூச்சு கெட்டுவிடக் கூடாது என்ற பயத்தில், எல்லாவற்றையும் மேலே வைத்தே முறுக்கி முடித்து, துணியால் துடைத்து இறக்குகிறார்கள். பெயின்டைக் காப்பாற்ற புஷ்ஷைக் கொன்றுவிடுகிறார்கள்.

ஹெரால்டின் முன்சக்கரத்தை அறிந்தவர்களுக்கு டிரன்னியன் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு எச்சரிக்கை மனதில் எழும். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அந்த மரை வெண்கல டிரன்னியனுக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் ஏறி இறங்கும். அதற்குக் கிரீஸ் போடக் கூடாது, கெட்டியான 90ஆம் எண் கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. அடியில் தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும், தண்டு மரையில் ஒடியும், சக்கரம் மடிந்து காரின் அடியில் போய்விடும். எண்ணெய் விடுவதற்கென்று ஒரு சிறிய அடைப்புத் திருகு உண்டு. பவுடர் கோட்டிங் போட்டு மெருகேற்றிய ஹெரால்டுகளில் அந்தத் திருகு பூச்சுக்கு அடியில் மூடிக் கிடப்பதைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பூச்சு அழகாக இருந்தது. அங்கே எண்ணெய் போய்ப் பல காலமாகியிருந்தது. அப்படிப்பட்ட காரில்தான் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் மகாபலிபுரம் போய் வருகிறது.

பின்பக்கம் இன்னும் மோசம். ஹெரால்டில் டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காக ஒரே பட்டைக்கட்டு, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள். அச்சு இரு பாதியாகப் பிரிந்து ஆடும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடிந்து பின்பக்கம் தூக்கும் குணம் இதற்கு உண்டு. இங்கிலாந்திலேயே பேசித் தீராத குறை அது. சென்னையில் 1972இல் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸலில் இந்த அமைப்பை விட்டுவிட்டு ஒற்றை அச்சு போட்டார்கள். அப்படிப்பட்ட காரில், "பின்னாடி கொஞ்சம் தூக்கி நின்னா கெத்தா இருக்கும்" என்று பட்டைக்கு செட்டிங் அடித்து வளைவைக் கூட்டுகிறார்கள், அல்லது ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நிற்கும்போதே சக்கரங்களின் அடி உள்ளே சாய்ந்திருக்கும். மடிவதற்குத் தயாராக நிற்கும் நிலை அது. ஆலை கொடுத்த உயரம் ஒரு எண். அதைச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்துவிடலாம். அந்த எண்ணை யாரும் கேட்பதில்லை. பெயின்ட் எத்தனை கோட் என்று மட்டும் கேட்கிறார்கள்.

மெக்கானிக்கை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல மாட்டேன். "சார், அடியில கருப்பு அடிச்சா ஒண்ணும் தெரியாது, சில்வர் அடிச்சிடலாமா?" என்று அவர் கேட்பது, காசு கொடுக்கிறவருக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதால்தான். சேற்றை ஒற்றியெடுத்துத் தீற்றைத் தேடும் வேலைக்கு யாரும் அவருக்குக் கூலி கொடுத்ததில்லை.

காசு அதிகம் உள்ளவர்கள் வேறு வழியில் தவறு செய்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து டிரையம்ஃப் பாகங்களை வரவழைத்து, சென்னை ஹெரால்டில் மாட்டி, 'அசலாக்கிவிட்டோம்' என்கிறார்கள். ஹெரால்டு இங்கே தயாராகத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் சென்னையின் பாடி பகுதியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டி.வி.எஸ். 1961, பிரேக்ஸ் இந்தியா 1962. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லேயே வந்துவிட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு நெருக்க நெருக்க, ஆண்டுக்காண்டு உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கொண்டே வந்தன. ஒரே மாடல் பெயர் கொண்ட இரண்டு ஹெரால்டுகளில் வெவ்வேறு இடத்தில் செய்த உறுப்புகள் இருக்கும். ஒரு நாடு கார் செய்யக் கற்றுக்கொண்ட வரலாறு அந்த உறுப்புகளில் முத்திரையாகப் பதிந்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த பளபளப்பான உறுப்பை மாட்டும் இடத்தில், பாடியிலோ செம்பியத்திலோ செய்த உறுப்பு ஒன்று குப்பைக்குப் போகிறது.

இங்கிலாந்துக்காரர் டிரையம்ஃபை எப்படிக் கெடுத்தாலும் அவருக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால், அந்தக் கார் எந்த நாளில், எந்த நிறத்தில் பிறந்தது என்று சான்றிதழ் தருவார்கள். பெருங்களத்தூர் ஆலை எண்பதுகளின் இறுதியில் மூடப்பட்டது. நம்மிடம் அப்படி ஒரு வாசல் இல்லை. மிச்சமிருக்கும் கார்களே நமக்குப் பதிவேடு. ஒவ்வொரு மணல்வீச்சிலும் அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம் போகிறது.

வெளியுலகம் இந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டது. அமெரிக்காவில் கொர்வெட் கார் பிரியர்கள் 1974இலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கார் ஆலையை விட்டு வெளியேறியபோது எப்படி இருந்ததோ அதுவே அவர்களின் அளவுகோல். அதைவிட மட்டமாக இருந்தாலும் மதிப்பெண் குறையும், அதைவிட மெருகாக இருந்தாலும் குறையும். 1963 முதல் கொர்வெட்டுக்கும் ஹெரால்டைப் போலவே பின்னால் குறுக்கே ஒரே பட்டைக்கட்டு. அதன் பூச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பை நம்மவர்கள் ஒரு முறை பார்க்க வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, தொன்மைச் சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில், 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றது. இருப்பதைக் காப்பதே முதல் கடமை, புதுப்பிப்பது வேறு வழியில்லாதபோது மட்டும் என்பதே அதன் சாரம். 2015இல் பாரிஸில் பையோன் குடும்பத்தின் கொட்டகையிலிருந்து வந்த கார்கள் ஏலம் போயின. பல பத்தாண்டுத் தூசி துடைக்காமலே மேடைக்கு வந்தன. அதில் ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் 1 கோடியே 60 லட்சம் யூரோவைத் தாண்டியது. 2024இல் அமெரிக்காவின் பெப்பிள் பீச் கார் அணிவகுப்பில் முதல் பரிசு வாங்கியது ஒரு 1934 புகாட்டி டைப் 59. ஒரு காலத்தில் பெல்ஜியம் அரசர் லியோபோல்டிடம் இருந்த கார். புதுப்பிக்காமல், பழைய பெயின்ட் தேய்ந்த நிலையிலேயே வந்து நின்று வென்றது. காக்கப்பட்ட கார் ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை. உலகத்தின் மிக மினுக்கமான புல்வெளியிலேயே அளவுகோல் மாறிவிட்டது.

நம் சட்டமும் ஒரு விதத்தில் இதையே சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்த வாகனம் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் பெறலாம். அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமளவு மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவெண்ணை வாங்கிப் பெருமைப்படும் கார்கள் எத்தனை அந்த நிபந்தனையின் உணர்வுக்கு நேர்மையாக இருக்கின்றன என்று அவற்றின் உரிமையாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

என்னிடம் எழுப்பப்படும் மறுப்பு ஒன்று நியாயமானது. சென்னை கடற்கரை நகரம், உப்புக்காற்று. பழைய மெல்லிய பெயின்ட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இரும்பைக் காப்பது? காக்கத்தான் வேண்டும். சேசிஸின் உள்குழல்களில் மெழுகு கலந்த எண்ணெய் தெளிக்கலாம், அடிப்பகுதிக்குத் துருத் தடுப்பு மெழுகு பூசலாம். தேவைப்பட்டால் மண்ணெண்ணெயில் துடைத்தெடுக்கலாம், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். துரு ஓட்டையிட்ட இடத்தை வெட்டிப் புதிய தகடு வைப்பதற்கும் நான் எதிரியில்லை. தேய்ந்த ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், விரிசல் விட்ட பட்டை எதையும் 'அசல்' என்ற பெயரில் விட்டுவைக்கக் கூடாது. அவை தேயவே செய்யப்பட்டவை. ஆலை ரப்பர் போட்ட இடத்தில் ரப்பரே போடுங்கள். விறைப்பான சிவப்பு பாலியூரித்தேன் புஷ் அதிர்ச்சியைத் தான் வாங்காமல் அப்படியே சேசிஸ் பிராக்கெட்டுக்கு அனுப்பும். ஹெரால்டு மெதுவாக, மெத்தென்று ஓட வேண்டிய கார்.

"என் கார், என் காசு" என்பது இன்னொரு பதில். உண்மைதான், யாரும் தடுக்க முடியாது. சிவப்பு ஸ்பிரிங்கும் க்ரோமியமும் ஆசையென்றால் போட்டுக்கொள்ளலாம். அதை அசல் என்று அறிவித்து, பார்க்க வரும் இளைஞர்களுக்குத் தவறான பாடம் சொல்ல வேண்டாம். இருபது வயதுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, தாத்தாவின் ஷெட்டில் படுதா போர்த்திக் கிடக்கும் பியட்டை மணல்வீச்சுக்கு அனுப்பிவிடுகிறான். அந்தக் கார் அதுவரை யார் கையும் படாத அசல்.

இன்னொரு கூட்டமும் உருவாகிவருகிறது. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, மணல்வீச்சு முடித்த சேசிஸின் மேல் புதிதாகச் சாக்பீஸ் எழுத்தும் வண்ணத் தீற்றும் போட்டு 'ஆலை அடையாளம்' என்கிறார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. தன் காரில் இருந்த தீற்றைப் படமெடுத்து, அளந்து, அதே இடத்தில் அதே நிறத்தில் திரும்ப வைப்பது நேர்மையான வேலை. யாரோ ஒருவரின் அமெரிக்கக் காரில் இருந்ததைச் சென்னைக் காரில் வரைவது போலி ஆவணம் தயாரிப்பது. பின்னால் ஆராய வருகிறவரை அது ஏமாற்றும். எது இருந்தது என்று தெரியாத இடத்தில் வெறும் கருப்பு அடித்துவிட்டு, தெரியவில்லை என்று எழுதி வைத்துவிடலாம்.

இவற்றை மாற்றும் அதிகாரம் கார் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் கையில் இருக்கிறது. நம் ஊர் நிகழ்ச்சிகளில் நடுவர்கள் தீர்ப்பெழுதுவது பெரும்பாலும் பானெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து. அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும். புதுப்பிக்காத கார்களுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் தனி வகுப்பு வேண்டும், அதற்குரிய பரிசு மேடையின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் வேண்டும். புதுப்பித்த கார்களுக்கு, ஆலை கொடுத்ததைவிட அதிகமாக மினுக்கியிருந்தால் மதிப்பெண் குறைக்க வேண்டும். நடுவர் கையில் டார்ச்சும் டேப்பும் இருக்க வேண்டும். காரின் உயரம் அளக்க வேண்டும், போல்ட்டின் தலையைப் படிக்க வேண்டும், டிரன்னியனில் என்ன விட்டிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களைக் கேட்க வேண்டும். கழற்றிய பழைய புஷ், பழைய பட்டை, பழைய போல்ட் எல்லாம் பெயர் எழுதிய பைகளில் இருக்கின்றனவா, கதவோரத்தில் உள்ளங்கை அகலத்துக்காவது பழைய பெயின்டை விட்டுவைத்திருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாத உரிமையாளரின் காரை, அது எவ்வளவு மின்னினாலும், மேடையேற்றக் கூடாது.